வாங்காத பொருளும் வாங்கும் வர்க்கமும்: தமிழக நுகர்வோர் ஆய்வுகளில் வயது, வர்க்கம் என்னும் அளவைகள்

ஆய்வுச் சுருக்கம்

நுகர்வோரின் வாங்கும் நடத்தையை வயதும் சமூக வர்க்கமும் வடிவமைக்கின்றன என்பது சந்தையியல் பாடநூல்களின் தொடக்க வாக்கியங்களுள் ஒன்று. தமிழகத்தில் இப்பொருள் குறித்து நிகழ்த்தப்பெறும் கள ஆய்வுகள் பலவும் அவ்வாக்கியத்தைச் சோதிப்பதில்லை. அதிலிருந்து தொடங்கி அதிலேயே வந்து சேர்கின்றன. இக்கட்டுரை, அவ்வாய்வுகள் கையாளும் இரு அளவைகளை விமர்சன நோக்கில் அணுகுகிறது. வீட்டிலுள்ள பொருள்களை எண்ணி வர்க்கத்தை வரையறுக்கும் முறை, அரசே பொருள்களை வழங்கிய ஒரு மாநிலத்தில் எவ்வாறு தடுமாறுகிறது என்பதும், விடையளிப்பவரின் வயதை வாங்குபவரின் வயதாகக் கொள்ளும் வழக்கம் குடும்பத்தை எவ்வாறு மறைக்கிறது என்பதும் இதில் ஆராயப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: நுகர்வு, சமூக வர்க்கம், வயது, தலைமுறை, நலத்திட்டம், குடும்பம், தமிழகம்.

முன்னுரை

வணிகவியல், மேலாண்மையியல் துறைகளில் 'நுகர்வோர் வாங்கும் நடத்தை – ஒரு கள ஆய்வு' என்னும் தலைப்பு ஏறத்தாழ ஒரு வகைமையாகவே நிலைபெற்றுவிட்டது. ஒரு மாவட்டம், ஒரு பொருள், வசதிக் கூறெடுப்பில் தேர்ந்த சில நூறு விடையாளர்கள், லிக்கர்ட்டின் ஐந்து புள்ளி அளவுகோல், இறுதியில் கை-வர்க்கச் சோதனை என்பது அதன் அமைப்பு. வயதுக்கும் வாங்கும் முடிவுக்கும் இடையே 'குறிப்பிடத்தக்க தொடர்பு உண்டு' என்றோ 'இல்லை' என்றோ ஒரு வரி எழுதப்பெற்றதும் அவ்வியல் நிறைவுறும். இச்சோதனையின் பெயரிலுள்ள வர்க்கம் கணிதத்தின் வர்க்கம். சமூகவியலின் வர்க்கம் அன்று. பல அட்டவணைகளில் முன்னது மட்டுமே உள்ளது என்பதே இங்குச் சொல்ல வேண்டியது.

வசதிக் கூறெடுப்பில் திரட்டிய தரவின்மீது முக்கியத்துவச் சோதனை நிகழ்த்துவதன் பொருத்தம் ஐயத்திற்குரியது என்பது புள்ளியியலார் அறிந்ததே. அதனை விரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சோதனைக்கு முன்னரே, 'வயது', 'வர்க்கம்' என்று வினாப்படிவத்தில் எழுதப்படும் இடத்திலேயே நேரும் பிழை அதனினும் அடிப்படையானது.

வர்க்கம் வாங்குதலைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. 2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்திய நகர்ப்புறத்தில் அடிமட்ட 5 விழுக்காட்டினரின் தலைக்கான சராசரி மாதச் செலவு 2,001 ரூபாய். மேல்மட்ட 5 விழுக்காட்டினரின் செலவு 20,824 ரூபாய். பத்து மடங்கு வேறுபாடுள்ள இரு வீடுகள் ஒரே வகையில் வாங்கும் என்று எவரும் எதிர்பாரார். கேள்வி, அந்த வேறுபாட்டை ஆய்வாளர் எதைக் கொண்டு அளக்கிறார் என்பதே.

பொருளை எண்ணி வர்க்கம் காணல்

பாடநூல்கள் மேற்கோளாகக் காட்டும் மூல ஆய்வுகள் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கவை. லாயிட் வார்னரும் பால் லண்ட்டும் 1941இல் வெளியிட்ட நூல், அமெரிக்கச் சிறுநகர் ஒன்றில் மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதைக் கேட்டறிந்து ஆறு வர்க்கங்களைப் பிரித்தது. 1958இல் பியர் மார்ட்டினோ எழுதிய கட்டுரை, வருமானம் ஒன்றாயினும் வர்க்கம் வேறாயின் செலவும் வேறாகும் என வாதிட்டது. இவ்விரண்டிலும் வர்க்கம் என்பது வீட்டிலுள்ள பொருள்களின் தொகை அன்று. மதிப்பு, பழக்கம், உறவு ஆகியவற்றின் பெயர்.

இந்தியச் சந்தை ஆய்வில் இம்மரபு வேறு திசையில் சென்றது. 1988இல் உருவான சமூகப் பொருளாதார வகைப்பாடு, நகர்ப்புற வீட்டின் முதன்மை வருவாய் ஈட்டுபவரின் கல்வி, தொழில் ஆகிய இரண்டையும் கொண்டு வீட்டைத் தரம் பிரித்தது. தொழிலைத் துல்லியமாகக் குறித்துக்கொள்வது களத்தில் கடினமாக இருந்தது. 2011இல் வந்த புதிய நுகர்வோர் வகைப்பாட்டு முறை (என்.சி.சி.எஸ்.) தொழிலை விட்டுவிட்டு, கல்வியுடன் வீட்டிலுள்ள பொருள்களின் எண்ணிக்கையைச் சேர்த்தது. மின் இணைப்பு, மேற்கூரை மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வாகனம், வண்ணத் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி அல்லது மடிக்கணினி, கார், குளிரூட்டி, விவசாய நிலம் என 11 இனங்கள் அப்பட்டியலில் உள்ளன. இவற்றுள் எத்தனை உள்ளன என்பதைப் பொறுத்து, ஏ1 முதல் ஈ3 வரையிலான 12 படிகளில் ஒன்றில் வீடு அமர்த்தப்படும்.

விளம்பரத்தை எந்த ஊடகத்தில் வெளியிடுவது என முடிவு செய்ய இக்கருவி பயன்படலாம். அதற்காகவே அது செய்யப்பட்டது. ஆனால் ஓர் ஆய்வேடு இதனைச் 'சார்பற்ற மாறி'யாக எடுத்துக்கொண்டு, வாங்கும் நடத்தையைச் 'சார்ந்த மாறி'யாக வைக்கும்போது நேர்வது வட்டத் தருக்கம். பொருள் வாங்கியவர் மேல் வர்க்கம். மேல் வர்க்கத்தார் பொருள் வாங்குகின்றனர். இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையே கணிக்கப்படும் தொடர்பு குறிப்பிடத்தக்கதாக அமைவதில் வியப்பில்லை.

தமிழகத்தில் இதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கு அப்பட்டியலின் பொருள்கள் சிலவற்றை மக்கள் வாங்கவே இல்லை. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. அதே ஆட்சிக் காலத்தில் எரிவாயு அடுப்பும் இணைப்பும் இலவசமாக அளிக்கப்பட்டன. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு மடிக்கணினியும், குடும்பங்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவையும் வழங்கும் திட்டங்கள் தொடங்கின. ('இலவச' என்ற சொல் அப்போது 'விலையில்லா' என மாறியது. விலைமதிப்பற்றது என்றும் அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம் என்பது ஆட்சிமொழியின் நுட்பம்.)

வேளாண் கூலித் தொழிலாளர் வீடு ஒன்றைக் கருதலாம். மின் இணைப்பும் ஒரு மின்விசிறியும் மட்டும் இருந்த அவ்வீட்டிற்கு ஐந்தாறு ஆண்டுகளில் தொலைக்காட்சியும், எரிவாயு அடுப்பும், மேனிலை முடித்த மகளின் மடிக்கணினியும் வந்து சேர்கின்றன. எண்ணிக்கை இரண்டிலிருந்து ஐந்தாகிறது. வகைப்பாட்டில் வீடு பல படிகள் மேலேறுகிறது. அவ்வீட்டார் கடைக்குச் செல்லவில்லை. கூலி உயர்ந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. பொருள் எவ்வாறு வந்தது என்பதை வினாப்படிவம் பொருட்படுத்துவதில்லை. வீட்டில் குடும்பத்தின் பயன்பாட்டிற்கு இருக்கிறதா என்பதே அதன் கேள்வி. இதன் மறுபக்கமும் கவனத்திற்குரியது. மிக்சியும் கிரைண்டரும் பட்டியலில் இல்லை. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பெண்கள் செலவிட்ட உழைப்பைக் குறைத்த இரு பொருள்களும் வர்க்கக் கணக்கில் சுழியமாகவே நிற்கின்றன.

அரசு கொடுத்த குழாய்த் திரைத் தொலைக்காட்சி பழுதானபின், தவணையில் தட்டைத் திரைப் பெட்டி வாங்கும் வீட்டிற்கும் இதே விடைதான்: 'இருக்கிறது'. முதல் 'இருக்கிறது' அரசின் முடிவு. இரண்டாவது அவ்வீட்டார் கடையில் நின்று, விலை கேட்டு, கடன் ஆவணத்தில் கையொப்பமிட்டு எடுத்த முடிவு. நுகர்வோர் நடத்தை ஆய்வு தொடங்க வேண்டிய இடம் இரண்டாவது. ஆயின் அட்டவணையில் இவ்விரண்டும் ஒரே கட்டத்தில் விழுகின்றன.

தேசிய அளவிலான புள்ளியியல் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. 2022-23 ஆய்வு, நலத்திட்டங்கள்வழி விலையின்றிப் பெற்ற உணவுப் பொருள்கள், மடிக்கணினி, மிதிவண்டி, சீருடை முதலியவற்றிற்கு மதிப்பிட்டுச் சேர்த்த கணக்கையும் சேர்க்காத கணக்கையும் தனித்தனியே தந்தது. கிராமப்புற இந்தியாவில் சேர்க்காத செலவு 3,773 ரூபாய், சேர்த்தது 3,860 ரூபாய். இந்தப் பிரிப்பு வணிகவியல் ஆய்வேடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சந்தை ஆய்வுத் துறையும் ஐ.எஸ்.இ.சி. என்னும் பிந்தைய வகைப்பாட்டில் பொருள்களின் எண்ணிக்கையைக் கைவிட்டு, தொழிலுக்கும் கல்விக்கும் திரும்பியுள்ளது. கருவியைச் செய்தவர்களே அதனை மாற்றியபின்னும் அதன் பழைய வடிவத்தை அறிவியல் அளவையாகக் கொள்வது பல்கலைக்கழகங்களுக்கு அழகன்று.

காப்பியும் ஷாம்பு பாக்கெட்டும்

எண்ணிக்கையைக் கைவிட்டால் வர்க்கத்தை எங்குக் காண்பது? தமிழ்ச் சூழலில் இதற்கு முன்னோடி ஆய்வுகள் உள்ளன. அவை வணிகவியலுக்கு வெளியே உள்ளன என்பதால் மேற்கோள் காட்டப்படுவதில்லை. காலனியக் காலத் தமிழகத்தில் காப்பி பரவியது பற்றிய ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வு, ஒரு பானம் எவ்வாறு நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின், அடையாளமாக ஆனது என்பதையும், தேநீர் உழைக்கும் மக்களின் பானமாக அதற்கெதிரே நிறுத்தப்பட்டதையும் காட்டுகிறது. பியர் பூர்தியு 1979இல் பிரெஞ்சுச் சமூகத்தைக்கொண்டு சுவை என்பது வர்க்கத்தின் வேலியாகச் செயற்படுவதை விளக்கினார். தமிழகத்தில் அவ்வேலியை வர்க்கம் தனித்து எழுப்பவில்லை. சாதி உடன் நின்று எழுப்பியது. நுகர்வோர் வினாப்படிவங்கள் வயது, பாலினம், கல்வி, வருமானம் அனைத்தையும் கேட்டுவிட்டுச் சாதியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்பதிலுள்ள இடர் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் கேளாமலே 'வர்க்கம்' எனப் பெயரிடும்போது, சாதியின் விளைவுகள் வருமானத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன.

சிறு பாக்கெட்டைப் பற்றிய பொதுக் கருத்தும் மறுபரிசீலனைக்குரியது. கடலூரின் சின்னி கிருஷ்ணன் பொருளைச் சிறு பாக்கெட்டில் அடைக்கும் முறையின் முன்னோடியாக அறியப்படுகிறார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனித்துத் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு, பாக்கெட் வழியாகவே சிற்றூர்களைச் சென்றடைந்தது. இதிலிருந்து பாடநூல்கள் பெறும் முடிவு, ஏழை சிறிதாக வாங்குவார், வசதியுள்ளவர் பெரிதாக வாங்குவார் என்பது. மொத்தமாக வாங்க இயலாத ஏழை அளவுக்கணக்கில் கூடுதல் விலை தருகிறார் என்ற பொருளியல் கூற்றும் இதனுடன் இணைக்கப்படும். ஆனால் இந்தியச் சந்தையில் ஷாம்புவைப் பொறுத்தவரை, மில்லிலிட்டர் கணக்கில் பாக்கெட்டே புட்டியைவிட மலிவாக விற்கப்படுவது பரவலாக அறியப்பட்ட நிலை. மாதச் சம்பளக்காரர் வீட்டுக் குளியலறையிலும் பாக்கெட் சரம் தொங்குவதற்கு இது காரணம். அங்கு அது சிக்கனக் கணக்கு. நாட்கூலி பெறுபவருக்கு அது அன்றைய கையிருப்பின் கணக்கு. செயல் ஒன்று, காரணம் இரண்டு. 'எந்த அளவில் வாங்குகிறீர்கள்?' என்ற கேள்வி இவ்விரண்டையும் பிரித்தறியாது. 'சம்பளம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கைக்கு வருகிறது?' என்ற கேள்வி பிரித்தறியும். அது ஏனோ கேட்கப்படுவதில்லை.

வயது என்னும் கேள்வி

வயதைக் கேட்பது எளிது. அதனாலேயே அது ஆராயப்படாமல் விடப்படுகிறது. 18–25, 26–35, 36–45, '45க்கு மேல்' என்பன வழக்கமான கட்டங்கள். ஓய்வுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் உள்ள ஆசிரியரும், முதியோர் உதவித்தொகையில் வாழும் எண்பது வயதுப் பாட்டியும் கடைசிக் கட்டத்தில் ஒன்றாக அமர்கின்றனர்.

இதனினும் ஆழமான குழப்பம், வயதையும் தலைமுறையையும் ஒன்றெனக் கொள்வது. கார்ல் மன்ஹைம் 1928இலேயே தலைமுறை என்பது பிறந்த ஆண்டுகளின் கணக்கு மட்டுமன்று, இளமையில் பகிர்ந்த வரலாற்று அனுபவத்தின் விளைவு என்பதை விளக்கினார். 2016இல் யூ.பி.ஐ. அறிமுகமானது, அவ்வாண்டு இறுதியில் பணமதிப்பு நீக்கம் வந்தது. 2017இல் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வு செய்தவர், 'இளையோர் மின்னணுப் பணப்பரிமாற்றத்தை விரும்புகின்றனர்' என எழுதியிருப்பார். அம்மாணவர்கள் இப்போது அடுத்த கட்டத்திற்குச் சென்றுவிட்டனர். பழக்கத்தையும் உடன் கொண்டு சென்றுவிட்டனர். அதற்கிடையே காய்கறி வண்டிக்காரரும் கியூஆர் அட்டை வைத்துக்கொண்டார். வயதின் விளைவு, தலைமுறையின் விளைவு, காலத்தின் விளைவு ஆகிய மூன்றையும் ஒரே முறை நிகழ்த்தும் கணக்கெடுப்பால் பிரிக்க இயலாது. ஆய்வேடுகளின் முடிவுரைகள் இவ்வரம்பை அரிதாகவே ஒப்புக்கொள்கின்றன.

இளமையும் வர்க்கமும் ஒன்றையொன்று எவ்வாறு ஊடுருவுகின்றன என்பதற்குக் கான்ஸ்டன்டைன் நகாசிஸ் 2016இல் வெளியிட்ட, தமிழகக் கல்லூரி இளைஞர்களின் 'ஸ்டைல்' பற்றிய நூல் நல்ல சான்று. மதுரை, சென்னைக் கல்லூரி மாணவர்களிடையே அவர் செய்த களப்பணியில், புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் பொறித்த ஆடைகளை விரும்பி அணியும் இளைஞர் பலர் அது அசலா, போலியா என்பதைப் பெரிதாகக் கருதவில்லை. பார்வைக்கு எடுப்பாக இருப்பதே முதன்மை. அதே வேளையில் மிகையாகச் செய்பவர் நண்பர்களின் கேலிக்கு உள்ளானார். 'வணிகப் பெயர் மீதான பற்று' என ஒரு மாறியை வைத்து 18–25 வயதினரை அளக்கும் வினாப்படிவம், அந்தச் சட்டையை முழுமையாகத் தவறவிடும்: பெயர் உண்டு, பற்று இல்லை, காட்ட வேண்டும், மிகையாகக் காட்டக்கூடாது. அதே ஆண்டில் மதுரையைப் பற்றி வெளிவந்த சாரா டிக்கியின் நூலில் 'டீசன்ட்' என்ற சொல் இதற்கு ஈடான இடத்தைப் பெறுகிறது. நடுத்தரத்தில் இருப்பதாகக் கருதுவோர்க்கு ஆடையும் தோற்றமும், பிறர் கண்ணில் மதிக்கத் தக்கவராக எண்ணப்படுவதற்கான நிபந்தனை. இளைஞரின் 'ஸ்டைல்', பெரியவரின் 'டீசன்ட்' ஆகிய இரண்டும் விருப்பத்தைக் காட்டிலும் அச்சத்தை அதிகம் சார்ந்தவை எனலாம். அச்சத்தை அளக்கும் கூற்று ஒன்றேனும் ஐந்து புள்ளி அளவுகோலில் இடம்பெற்றால் நன்று.

வீடு என்னும் அலகு

வயதைக் காட்டிலும் குடும்ப வாழ்வின் படிநிலையே வாங்குதலை நன்கு விளக்கும் என வெல்ஸ், குபார் ஆகியோர் 1966இலேயே எழுதினர். மணமாகாத நிலை, புதுமணம், சிறு குழந்தைகளுள்ள நிலை, பிள்ளைகள் வெளியேறிய நிலை, தனித்து எஞ்சிய நிலை என அவர்களின் வரிசை செல்கிறது. அது அமெரிக்கக் குடும்பத்தின் வரிசை. இங்குப் பிள்ளைகள் வெளியேறியபின் பெற்றோர் பேரக்குழந்தையைப் பார்க்க மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ சென்று சேர்வதுண்டு. கூடு காலியாகாமல் இடம் மாறுகிறது. பேரனின் பால்பவுடரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பது அவ்வீட்டின் உள்விவகாரம்.

நகைச் சேமிப்புத் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பொருளுக்காகப் பெறும் முன்பணத்தை 365 நாள்களுக்குள் ஈடுசெய்யாவிடில் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என 2014ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தமையால், பெரும்பாலான நகைக்கடைகளின் தவணை 11 மாதமாக அமைந்தது. ஒரு வீட்டில் தவணை கட்டச் செல்பவர் தாயாக இருக்கலாம். பணம் வேலைக்குச் செல்லும் மகளின் சம்பளத்திலிருந்து வரலாம். நகை அம்மகளின் திருமணத்திற்கு. வடிவத்தைத் தேர்பவர் அத்தை. கடை, பாட்டி காலத்திலிருந்து செல்லும் கடை. கடைவாசலில் வினாப்படிவத்துடன் நிற்கும் ஆய்வாளர் தாயிடம் வயதையும் வருமானத்தையும் கேட்டு, '46–55, இல்லத்தரசி, வருமானம் இல்லை, தங்கத்தில் ஆர்வம் மிகுதி' எனக் குறித்துக்கொள்கிறார். குறிப்பில் உள்ள ஒவ்வொன்றும் உண்மை. வாங்கியவர் யார் என்பது மட்டும் அதில் இல்லை.

இம்மகள் வர்க்க அளவையையும் கலைக்கிறாள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47.0, இந்தியச் சராசரி 28.4. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இவ்வளவு மிகுந்துள்ள மாநிலத்தில், கல்வியறிவற்ற தந்தையைத் தலைவராகக் கொண்டால் வீடு கீழ்ப்படியிலும், பட்டம் பெற்ற மகளைக் கணக்கில் கொண்டால் மேற்படியிலும் அமரும். ஐ.எஸ்.இ.சி. மிக உயர்ந்த கல்வி பெற்ற ஆணையும் பெண்ணையும் கணக்கிலெடுப்பதால், வர்க்கம் அவ்வீட்டின் இளையவரிடமிருந்து வருகிறது. வயதும் வர்க்கமும் தனித்தனி மாறிகள் என்ற அனுமானமே இங்கு உடைகிறது. அவள் மணமாகிச் சென்றபின் அவ்வீட்டின் படி என்ன என்பது இன்னொரு கேள்வி.

வினாப்படிவத்தில் செய்யத்தக்க மாற்றங்கள் பெரிய செலவுடையவை அல்ல. பொருள் இருக்கிறதா என்பதுடன், வாங்கியதா, வழங்கப்பட்டதா, சீர்வரிசையாக வந்ததா எனக் கேட்கலாம். கடைசியாக வாங்கிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, யார் கேட்டார், யார் மறுத்தார், யார் பணம் தந்தார், யார் பயன்படுத்துகிறார் எனத் தொடரலாம். முந்நூறு பேரிடம் இருபத்தைந்து கூற்றுகளுக்குப் புள்ளியிடச் செய்வதைவிட, முப்பது வீடுகளில் இக்கேள்விகளைக் கேட்பது கூடுதல் உழைப்பைக் கோரும், அட்டவணைகளும் குறையும்.

அளவையின் விளைவு

இவை அனைத்தும் முறையியல் சார்ந்த சிறு பூசல்கள் எனத் தோன்றலாம். ஆனால் பொருளைக் கொண்டு வர்க்கத்தை அறியும் முறை சந்தையோடு நின்றுவிடவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் தகுதி வரையறையில், 2.5 இலட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்புடன், ஆண்டுக்கு 3,600 அலகு வீட்டு மின்நுகர்வு, 5 ஏக்கர் நன்செய் அல்லது 10 ஏக்கர் புன்செய் ஆகிய உச்சவரம்புகளும் இடம்பெற்றன. சொந்தப் பயன்பாட்டிற்குக் கார் வைத்திருப்போர் விலக்கப்பட்டனர். வருமானச் சான்று நம்பத்தகாத சமூகத்தில் பொருளைப் பார்ப்பது நிர்வாகத்திற்கு எளிது என்பதை மறுப்பதற்கில்லை. 'சொந்தப் பயன்பாட்டிற்கு' என்ற தொடரில், வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் கார் வைத்திருப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அவ்விதி கண்டுகொள்கிறது. பல ஆய்வேடுகள் காணாத வேறுபாடு இது.

மின்நுகர்வு வரம்பில் அத்தகைய நுட்பம் இல்லை. அண்ணன் தம்பி இருவரும் தத்தம் குடும்பங்களுடன் ஒரே கூரையின்கீழ், இரு குடும்ப அட்டைகளுடன், ஒரே மின்மானியில் வாழும் வீடுகள் சிற்றூர்களில் உண்டு. அங்கு ஒன்பது பேர் சேர்ந்து செலவிடும் மின்சாரம் 3,600 அலகைக் கடந்துவிடலாம். தனிவீட்டில் மூவர் வாழும் குடும்பம், தலைக்கணக்கில் அதைவிடக் கூடுதலாகச் செலவிட்டும் வரம்பிற்குள் நின்றுவிடும். மின்கட்டண அட்டையில் ஆளெண்ணிக்கை குறிக்கப்படுவதில்லை. கூட்டு வீட்டின் மருமகள்கள் இருவரும் வசதியுள்ளவர்களாகவே அதில் பதிவாகின்றனர்.